நாற்பதாம் பக்கத்துக்குப் பிறகு

மூன்று மணி நேரம் நாற்பத்தொரு நிமிடம்.

அவ்வளவு நேரம்தான் நாங்கள் அந்த அறைக்குள் இருந்தோம். காலை 11.26-லிருந்து மதியம் 3.07 வரை. கூட்டியும் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை. நேரம் பார்ப்பது அன்று என் வேலை. கையில் கடிகாரம் கட்டியிருந்தேன்.

இது நடந்தது. நான் வேதியியல் படித்தவள். குமாரபாளையத்தில் ஒரு சாயப்பட்டறை ஆய்வகத்தில் தண்ணீரைச் சோதிப்பது என் வேலை. கண்ணால் பார்த்ததைக்கூட இரண்டாம் முறை அளந்த பிறகுதான் எழுதுவேன். இதை அளக்க முடியவில்லை. அதனால் நடந்ததை நடந்த வரிசையில் மட்டும் எழுதுகிறேன்.

பேய் என்றால் இரவு என்று நினைப்பீர்கள். இது பட்டப்பகல். சித்திரை மாத வெயில் வெளியே கொளுத்திக்கொண்டிருந்தது.

எங்கள் ஊரில் விசைத்தறி ஓடாத நேரம் கிடையாது. பக்கத்தில் நிற்பவரிடம் பேசவே கத்த வேண்டும். மாதத்தில் ஒரு நாள்தான் ஊர் வாயை மூடும். பராமரிப்புக்காகக் காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை கரண்ட்டை நிறுத்தும் நாள். அன்றுதான் எங்கள் வாசிப்புக் கூட்டம். ஒருவர் படித்து மற்றவர்கள் கேட்பதற்கு வேறு நாளே தோதுப்படாது. தெருவில் எங்களுக்கு ‘ஷட்டவுன் சங்கம்’ என்று பெயர்.

மொத்தம் ஐந்து பேர். அன்று கோயில் நோம்பி என்று இரண்டு பேர் வரவில்லை. வந்தவர்கள் மூன்று பேர். கூட்டத்தை நடத்துபவர் சாரதாமணி அக்கா. ஐம்பது வயது. நாங்கள் கூடும் தறிப்பட்டறை அவர் வீட்டுக்காரர் குழந்தைவேல் அண்ணனுடையது. அடுத்தவள் நர்மதா. நைட்டி தைக்கும் யூனிட்டில் சூப்பர்வைசர். என் வயதுதான். நல்ல வாயாடி. சின்ன வயதிலிருந்தே ஆஸ்துமா உண்டு. மூன்றாவது ஆள் நான். பெயர் இனியா.

கூட்டத்துக்குச் சில விதிகள் உண்டு. புத்தகம் ஒரே பிரதிதான். கைமாற்றிக் கைமாற்றி ஆளுக்கு இரண்டு பக்கம் சத்தமாகப் படிக்க வேண்டும். போனையும் பையையும் முன்ஹாலில் ஒரு தறி மேல் வைத்துவிட்டுத்தான் உட்கார வேண்டும். படிக்கக் கூச்சமாக இருந்தால் ‘பாஸ்’ சொல்லலாம். அந்த விதி எனக்காகவே போட்டது. பதினோரு கூட்டம் வந்திருக்கிறேன். ஒரு வரிகூடச் சத்தமாகப் படித்ததில்லை.

“இவ சங்கத்துல சேந்ததே ஓசியில கதை கேக்கத்தான்,” என்பாள் நர்மதா.

“அவ புத்தகம் வாங்கியாராளே, அது பத்தாதா உனக்கு? சும்மா இருடி,” என்பார் அக்கா.

அது உண்மை. புத்தகம் வாங்குவது நான்தான். அந்த முறையும் சேலம் சூரமங்கலத்தில் மதன் என்பவரின் பழைய புத்தகக் கடையில் வாங்கினேன். அட்டை கிழிந்து தலைப்பே இல்லாத புத்தகம். உள்ளே ‘ஓய்வு பெற்ற காவல் ஆய்வாளர் சின்னண்ணன்’ என்று மட்டும் இருந்தது. அவர் விசாரித்த ஒரு உண்மை வழக்கை அவரே எழுதியிருந்தார். 1996 தீபாவளி. தறிகளுக்கு நான்கு நாள் விடுமுறை. விடுமுறை முடிந்து ஒரு பட்டறையைத் திறக்கிறார்கள். வெளியே பூட்டியிருந்த நூல் அறைக்குள் ஒரு இளம்பெண்ணின் பிணம் கிடக்கிறது. எந்த ஊர் என்று அவர் எழுதவில்லை. போன மாதம் 32-ஆம் பக்கம் வரை படித்திருந்தோம். அந்தப் பெண் யார் என்று அதுவரைக்கும் வரவில்லை.

நிஜமாகச் செத்தவள் என்பதால் அக்கா ஒரு விதியைச் சேர்த்தார். படிக்கத் தொடங்கும் முன் ஒரு நிமிடம் கண்ணை மூடி மௌனம். நடுவில் யாரும் வாய் திறக்கக் கூடாது. அந்த ஒரு நிமிடத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டியது நான்.

அன்று முன்ஹாலில் உட்கார முடியவில்லை. சிமெண்ட் ஷீட் கூரை அனலாகக் கொதித்தது. பக்கத்துப் பட்டறையில் ஜெனரேட்டர் வேறு ஓடியது. “பின்னால நூல் ரூமுக்குப் போயிரலாம் கண்ணு. குளுகுளுன்னு இருக்கும்,” என்றார் அக்கா.

போனோம். பழைய காலத்துக் கனமான சுவர். ஜன்னல் கிடையாது. மேலே இருந்த ஒரே ஒரு சின்னக் காற்று ஓட்டையையும் அணில் வராமலிருக்க அட்டை வைத்து அடைத்திருந்தார்கள். பின்சுவர் முழுக்க நூல் மூட்டைகள். இரும்புக் கதவைச் சாத்தியதும் ஜெனரேட்டர் சத்தம் பாதியாகக் குறைந்தது. எமர்ஜென்சி விளக்கை நடுவில் வைத்து மூவரும் தரையில் உட்கார்ந்தோம்.

11.25-க்கு மௌனம் தொடங்கியது.

அவர்கள் இருவரும் கண்ணை மூடியிருந்தார்கள். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாற்பது வினாடி ஆகும்போது, கதவின் கீழ் இடுக்கில் இரண்டு நிழல் விழுந்தது. கிறீச்சிடும் தோல் செருப்பு. குழந்தைவேல் அண்ணனின் செருப்புச் சத்தம் தெருவுக்கே தெரியும். தாழ்ப்பாள் நகர்ந்தது. பூட்டு ‘டிக்’ என்றது.

பட்டறை ஓடாத நாளில் நூல் திருட்டுப் போகும் என்று அவர் அந்த அறையைப் பூட்டிவிட்டுத்தான் வெளியே கிளம்புவார். எனக்கு அது தெரியும்.

ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும்.

இன்னும் இருபது வினாடி இருந்தது. மௌனத்தைக் கலைக்கக் கூடாது என்பது விதி. எனக்கு வாயும் வரவில்லை. இருபது... பதினைந்து... பத்து. பைக் கிளம்பும் சத்தம் கேட்டது. ஐந்து.

“முடிஞ்சுதுங்க,” என்றேன். மணி 11.26.

“இப்ப என்னமோ சத்தம் கேட்டுச்சே,” என்றார் அக்கா. எழுந்து கதவைத் தள்ளினார். அசையவில்லை. “ஏனுங்க... ஏனுங்க, உள்ள ஆளிருக்கறமுங்க...”

ஜெனரேட்டர் மட்டும் உறுமிக்கொண்டிருந்தது.

“போயிட்டாரு. நாம ஹாலுல உக்கார்றதாத்தான் சொல்லியிருந்தேன். சந்து வழியா வந்து பூட்டிட்டுப் போயிருக்கறாரு.”

“எப்பங்க்கா வருவாரு?” என்றாள் நர்மதா.

“மேட்டூருல ஒரு சாவு, கேதத்துக்குப் போறாரு. கரண்ட் வர்றதுக்குள்ள வந்துருவாரு.”

“அஞ்சு மணிக்கா?”

மூவரும் கதவைத் தட்டினோம். கையால், விளக்கின் அடிப்பாகத்தால், கட்டை ஒன்றால். பதினைந்து நிமிடம். முன்ஹாலில் எங்கள் போன்கள் ஒன்றன்பின் ஒன்றாக அடித்து அடித்து ஓய்ந்தன. எழுந்து எடுத்துவிடலாம் போலப் பக்கத்தில் கேட்டன.

11.42-க்குக் கை வலித்து நிறுத்தினோம்.

நாங்கள் நிறுத்திய பிறகும் இரண்டு தட்டு கேட்டது.

“யாரோ வந்துட்டாங்க,” என்றாள் நர்மதா. கதவில் காதை வைத்தாள். நான் வைக்கவில்லை. அந்தச் சத்தம் கதவுப் பக்கமிருந்து வரவில்லை. பின்சுவரிலிருந்து வந்தது. இரும்புச் சத்தமாகவும் இல்லை. மூட்டைக்குப் பின்னால் எதுவோ விழுந்திருக்கும், எலியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

நர்மதாவுக்கு மூச்சு இழுக்கத் தொடங்கியது பன்னிரண்டு மணிக்குச் சற்று முன்னால். மூட்டைகளை உரசி நடந்ததில் அறை முழுக்கப் பஞ்சுத் தூசி. விளக்கு வெளிச்சத்தில் அது மிதப்பது தெரிந்தது. அவள் கை இடுப்புப் பக்கம் துழாவியது. அவளுடைய இன்ஹேலர் பைக்குள் இருந்தது. பை தறி மேல் இருந்தது.

“அழுவாத சாமி. அழுதா இன்னும் வாங்கும்,” என்றார் அக்கா. அவளைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார். “உக்காந்து கதவையே பாத்துட்டு இருந்தா பைத்தியம் புடிச்சுரும். படிக்கறதைக் கேளு. நெனப்பு அதுல போகட்டும்.”

“இந்தக் கதையவாங்க்கா?” நர்மதா சிரிக்க முயன்றாள். இருமல்தான் வந்தது. “பூட்டுன ரூமுல பொணம்... நம்ம நேரத்துக்குப் பொருத்தமாத்தான் இருக்குது.”

“வேற புத்தகம் இருந்தாக் குடு, படிக்கறேன்.”

அக்கா 33-ஆம் பக்கத்திலிருந்து படித்தார். பிணம் கிடந்த விதம், பூட்டின் விவரம், பட்டறை முதலாளி சொன்ன பொய்கள். நர்மதா கேட்டாள். மூச்சு சற்று அடங்கியது போல இருந்தது. 39-ஆம் பக்கம் வந்ததும் புத்தகத்துக்குக் கை நீட்டினாள்.

“என்ற முறை.”

“வேண்டாங் கண்ணு.”

“ஒண்ணும் ஆவாதுங்க்கா.”

படித்தாள். ஒரு வரிக்கு ஒரு மூச்சு. பிறகு இரண்டு சொல்லுக்கு ஒரு மூச்சு. விளக்கு மஞ்சளாகிக்கொண்டே வந்தது. ‘இறந்த பெண் யார் என்பது மறுநாள் காலையில்தான் தெரிந்தது’ என்று நாற்பதாம் பக்கம் முடிந்தது. அவளால் அதற்கு மேல் முடியவில்லை. புத்தகத்தை என் பக்கம் தள்ளினாள். நான் வாங்கினேன்.

விளக்கு அணைந்தது. மணி 12.52.

அந்த இருட்டை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. கண் பழகும் என்று காத்திருந்தேன். பழகவில்லை. கதவின் கீழ் இடுக்கில் ஒரு நூல் அளவு வெளிச்சம். அது தரையை விட்டு மேலே ஏறவில்லை. என் கடிகாரத்தில் பச்சையாக மின்னும் முள் மட்டும் தெரிந்தது.

நான் அந்த இடுக்கின் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தேன். யாராவது நடந்தால் நிழல் விழுமே என்று. அக்கா நர்மதாவின் முதுகை நீவிக்கொண்டிருந்தார். உள்ளங்கை துணியில் உரசும் சத்தம் கேட்டது. அதற்கு மேலே நர்மதாவின் மூச்சு. விசில் போல.

மணி 1.05. விசில் மெலிந்தது.

1.12. “கண்ணு... நர்மதா... தூங்காத. இங்க பாரு,” என்றார் அக்கா. அவர் குரல் முதல்முறையாக உடைந்தது.

ஐந்து மணிக்கு இன்னும் ஏறக்குறைய நான்கு மணி நேரம் இருந்தது. அவளுக்கு அவ்வளவு நேரம் இல்லை. எனக்கு அது தெரிந்தது. அக்காவுக்கும் தெரிந்தது.

1.18-க்கு ஜெனரேட்டர் நின்றது. சாப்பாட்டு நேரம்.

ஊரே நின்றுவிட்டது போல இருந்தது.

அப்போதுதான் படிக்கும் சத்தம் கேட்டது.

மெல்லிய குரல். பெண் குரல். ஒவ்வொரு எழுத்தையும் நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு விடுவது போல, மெதுவாக.

“கதவைத் தட்டித் தட்டி முதல் நாளே அவள் கை வீங்கிவிட்டது. இரண்டாம் நாள் தண்ணீர் தீர்ந்தது...”

நல்லதாகப் போயிற்று என்று நினைத்தேன். அக்கா மறுபடி படிக்கத் தொடங்கிவிட்டார். நர்மதாவைத் தூங்கவிடாமல் வைத்திருக்கத்தான் படிக்கிறார். எனக்கு அழுகை வந்தது. கேட்டேன்.

“மூன்றாம் நாள் அவள் கதவை விட்டுவிட்டாள். சுவரில் கன்னத்தை வைத்துச் சுற்றிச் சுற்றி வந்தாள். ஓரிடத்தில் காற்று வந்தது...”

பக்கம் புரளும் சத்தம்.

“பின்சுவர். கிழக்கு மூலை. தரையோடு தரையாக ஒரு தகரம். முன்பு இங்கே பாவு நூலுக்குக் கஞ்சி காய்ச்சினார்கள். கஞ்சித் தண்ணீர் வெளியே போக வைத்த வழி அது...”

இங்கே என்றது குரல். இதுவரை படித்த நாற்பது பக்கத்திலும் அந்த ஆய்வாளர் ‘அந்த அறை’, ‘அங்கே’ என்றுதான் எழுதியிருந்தார்.

குரல் வந்த திசையும் சரியில்லை. அக்கா எனக்கு இடப்பக்கம் இருந்தார். உள்ளங்கை உரசும் சத்தம் இன்னும் அங்கிருந்துதான் வந்தது. குரல் எதிரே இருந்து வந்தது. மூட்டைகளுக்குள் இருந்து.

விளக்கு அணைந்து அரை மணி நேரம் ஆகிறதே...

இருட்டில் எப்படிப் படிக்கிறார்?

என் கை தானாக மடிக்குப் போனது.

புத்தகம் என் மடியில் இருந்தது.

மூடியபடி.

பக்கம் புரளும் சத்தம் மறுபடி கேட்டது.

“தகரத்துக்கு முன்னால் நூல் மூட்டைகள். பதினாறு. ஒவ்வொன்றாக இழுத்தாள். இரவும் பகலும் இழுத்தாள். பதினான்கு நகர்த்தினாள்...”

குரல் நின்றது.

நான் மூச்சுவிடவில்லை.

“இன்னும் இரண்டு,” என்றது.

பிறகு, இன்னும் மெதுவாக, பக்கத்தில்...

“இன்னும் இரண்டு.”

மணி 1.26.

“கண்ணு,” என்றார் அக்கா இருட்டில். “நீ படிக்கறதைக் கேட்டா இந்த ரூமு மாதிரியே இருக்குது. கெழக்கு மூலைன்னா அந்தப் பக்கந்தான. போய்ப் பாரு சாமி. மூட்டைய நகத்து. நான் இவளை விட்டுட்டு வர முடியாது.”

நீ, என்றார்.

அது நான் இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். நர்மதாவின் மூச்சு ஒரு முறை விட்டுப்போய்த் திரும்பி வந்தது. சொல்ல நேரமில்லை. எழுந்து குரல் வந்த திசைக்கே போனேன். வேறு திசை கிடையாது.

மூட்டைகள் என் நெஞ்சு உயரம் அடுக்கியிருந்தன. ஒவ்வொன்றும் ஐம்பது கிலோ. மேல் மூட்டையைச் சரித்துத் தள்ளினேன். காதைப் பிடித்து இழுத்தேன். எண்ணிக்கொண்டே இழுத்தேன். எண்ணாமல் இருந்தால் கத்தியிருப்பேன். நான்கு. ஐந்து. நகம் பெயர்ந்தது. ஒன்பது. முகமெல்லாம் பஞ்சு. இந்த அறையில் எங்கும் கஞ்சி இல்லை. ஆனால் புளித்த கஞ்சி வாசம் வந்தது. பன்னிரண்டு.

பதினான்கு.

அதற்கு மேல் கை எழவில்லை. மூட்டை மேல் தலையைச் சாய்த்தேன். மணி 2.11.

“அக்கா, முடியலைங்க.”

“இன்னுங் கொஞ்சம் கண்ணு.”

பதினைந்தாவது மூட்டையின் ஒரு காதைப் பிடித்தேன். இழுத்தேன்.

லேசாக வந்தது.

மறுபக்கக் காதை யாரோ பிடித்தது போல. இருவராகத் தூக்கியது போல.

“நீங்க நர்மதாகிட்டயே இருங்கக்கா, நான் பாத்துக்கறேன்,” என்றேன்.

“நான் இங்கதான இருக்கறேன் கண்ணு,” என்றார் அக்கா. கதவுப் பக்கமிருந்து.

நான் கையை எடுக்கவில்லை.

பதினாறாவதும் லேசாகத்தான் வந்தது.

தரையோடு தரையாகத் தகரம் தட்டுப்பட்டது. துருப்பிடித்து உதிர்ந்தது. இரண்டு உதை உதைத்தேன். மடங்கி வெளியே விழுந்தது. வெளிச்சம் உள்ளே வந்து கண்ணைக் குத்தியது. காற்று வந்தது. ஒரு முறம் அளவு ஓட்டை. ஆள் நுழைய முடியாது. ஒரு முகம் வைக்கலாம்.

நர்மதாவை இழுத்து வந்து அவள் முகத்தை அந்த ஓட்டையில் வைத்தோம். மணி 2.19. முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு முதுகு ஏறி இறங்கியது. பிறகு இன்னொரு முறை.

நான் அறையைத் திரும்பிப் பார்த்தேன். வெளிச்சத்தில் எல்லா மூலையும் தெரிந்தது. நாங்கள் மூன்று பேர்தான் இருந்தோம்.

பட்டறையின் பின்பக்கம் வாய்க்கால். அங்கே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த சௌந்திரம் என்ற அம்மாவுக்கு எங்கள் குரல் கேட்டது 2.40-க்கு. குனிந்து பார்த்தார். “ஏ ஆத்தா, ஆரு உள்ள? அங்க எதுக்குப் போயிக் கெடக்கறீங்க?” என்று கேட்டுவிட்டு ஆட்டை அப்படியே விட்டு ஓடினார். பக்கத்துப் பட்டறை மெக்கானிக் வந்து பூட்டை அறுத்தார். 3.07.

ஆஸ்பத்திரியில் நர்மதாவுக்குப் புகைமருந்து வைத்தார்கள். இன்னும் அரை மணி நேரம் போயிருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்துவிட்டு, அவள் அம்மாவைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

வராந்தாவில் அக்காவிடம் சொன்னேன். பூட்டும்போது எனக்குத் தெரியும், இருபது வினாடி இருந்தது, நான் வாயைத் திறக்கவில்லை என்று. அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். பெயர்ந்த நகத்தைப் பார்த்தார்.

“வாயத் தொறக்காதீங்கன்னு சட்டம் போட்டவ நான்தான கண்ணு. உடு.” பிறகு சொன்னார்: “அந்த இருட்டுக்குள்ள புத்தகத்தை மனப்பாடமாச் சொன்னயே. மொதல்லயே படிச்சு வெச்சிருந்தயாக்கும். உன்ற கொரலு அத்தனை நல்லா இருக்கும்னு எனக்குத் தெரியாமப் போச்சு.”

அது நான் இல்லை என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். நர்மதாவின் அம்மா என் காலைத் தொடப் போனார். குழந்தைவேல் அண்ணன் மேட்டூரிலிருந்து வந்து அழுதார். “பத்தொம்பது வருசமா அந்தப் பட்டறைய வெச்சிருக்கறேன். அப்புடி ஒரு ஓட்டை இருக்கறதே எனக்குத் தெரியாது சாமி. வாங்கும்போதே அந்த மூலையில மூட்டை அடுக்கித்தான் இருந்துச்சு,” என்றார். யாரிடமிருந்து வாங்கினார் என்று கேட்டேன். ஈரோட்டுப் பக்கம் ஒரு பார்ட்டி, புரோக்கர் மூலமாக, என்றார். அதற்கு மேல் அவருக்குத் தெரியவில்லை.

இரண்டு நாள் கழித்துத்தான் புத்தகத்தைத் திறந்தேன். நாற்பதாம் பக்கம். அடுத்த பக்கம் 49.

நடுவில் எட்டுப் பக்கம் இல்லை. தையலோடு கழன்று எப்போதோ விழுந்திருக்கிறது. தையலில் நூல் மட்டும் நின்றது.

மதனுக்குப் போன் செய்தேன். விடாமல் தினமும் செய்தேன். இன்னொரு பிரதி ஆத்தூரில் ஒருவரிடம் இருப்பதாகப் பதினொன்றாம் நாள் சொன்னார். அந்த எட்டுப் பக்கத்தையும் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். இரவே வந்தது. மூன்று முறை படித்தேன். பின்சுவரைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. தகரம் இல்லை. கஞ்சி இல்லை. எத்தனை மூட்டை என்ற கணக்கும் இல்லை. அந்த எட்டுப் பக்கமும் இறந்தவள் யார், அவளைப் பற்றி அக்கம்பக்கத்தார் என்ன சாட்சி சொன்னார்கள் என்பது மட்டும்தான்.

அதில் நாலு வரியை நான் யாருக்கும் அனுப்பவில்லை. பிரிண்ட் எடுத்து மடித்து வைத்திருந்தேன்.

வைகாசியில் அடுத்த மின்தடை நாள் வந்தது. நர்மதா வீட்டு வாசலில், வேப்ப மரத்தடியில் கூடினோம். கதவே இல்லாத இடம் வேண்டும் என்று அவள்தான் சொன்னாள். ஐந்து பேரும் வந்திருந்தோம். மௌனம் வேண்டாம் என்று அக்கா சொல்லிவிட்டார். புத்தகத்தை எடுத்து நேராக என் கையில் கொடுத்தார்.

“இனிமேல் பாஸ் எல்லாங் கெடையாது,” என்றாள் நர்மதா. “அன்னிக்குப் படிச்ச மாதிரியே படி. நானு செத்தே போயிட்டேன்னு நெனச்சேன். உன்ற கொரலைப் புடிச்சுக்கிட்டுத்தான் கெடந்தேன்.”

“அது நான் இல்ல,” என்றேன்.

நர்மதா சிரித்தாள். “பின்ன அக்காவா? அக்கா கொரலு எனக்குத் தெரியாதா?”

“அக்கான்னுதான் நானும் நெனச்சேன். புத்தகம் என் மடியில மூடி இருந்துச்சு.”

அவள் சிரிப்பு நின்றது. எல்லோரும் அக்காவைப் பார்த்தார்கள்.

“நான் உன்ற முதுகை நீவிக்கிட்டே இருந்தேன் சாமி. வாயே தொறக்கல,” என்றார் அக்கா. பிறகு மெல்லக் கேட்டார்: “அப்ப... அந்தப் பொண்ணுதானா? அவளே வந்து சொன்னாளா?”

நான் மடித்து வைத்திருந்த தாளைப் பிரித்தேன். பன்னிரண்டு கூட்டத்தில் முதல்முறையாகச் சத்தமாகப் படித்தேன்.

“பக்கம் 44. ‘நான்கு நாளும் பக்கத்து வீடுகளில் ஆள் இருந்திருக்கிறார்கள். ஒரு கூப்பிடும் குரல்கூடக் கேட்கவில்லை என்று அனைவரும் ஒன்றுபோலச் சொன்னார்கள். அவர்கள் சொன்னது பொய் இல்லை. இறந்த பெண் பிறவியிலேயே வாய் பேச முடியாதவள்.’”